படிக்கும்போதே கிளறும் கை

அறுபதைக் கடந்த தம் தாயார், அடுப்பங்கரையை மருமகளிடம் ஒப்படைத்துவிட்டு, மத்தியான வேளைகளில் ஊஞ்சலில் சாய்ந்தபடி சமையற் புத்தகங்களையும் கூடை முடைதல், பூத்தையல் பற்றிய கைவேலைப் புத்தகங்களையும் நாவல் படிப்பதுபோல் படித்து மகிழ்கிறார் என்றும், படித்ததில் ஒன்றையேனும் செய்து பார்ப்பதில்லை என்றும் பொன்னமராவதி வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். இந்த விசித்திர ரசனைக்கு மூளையில் காரணம் உண்டா என்பது அவருடைய கேள்வி.

உண்டு. ஆனால் தாயின் கருணை முதல் சினிமா மோகம் வரை அனைத்தையும் 'கண்ணாடி நியூரான்' (பிறர் செய்வதைக் கண்டாலே, தான் செய்வதுபோல் கிளரும் நரம்பணு) என்ற ஒரே மந்திரத்தால் விளக்கிவிடும் பிரசங்கிகள் சொல்லும் காரணம் அன்று. 2004-ஆம் ஆண்டு ஓலாஃப் ஹௌக் என்பாரும் அவருடைய சகாக்களும், முகம், கை, கால் ஆகியவற்றின் செயல்களைக் குறிக்கும் வினைச்சொற்களைச் சிலரை வாசிக்கச் செய்து, மூளையைப் படமெடுக்கும் ஸ்கானர் யந்திரத்தில் அசையாமல் கிடந்த அவர்களுடைய மூளையில் அந்தந்த அவயவத்தை இயக்கும் பகுதியோ அதன் அண்டைப் பிரதேசமோ விழித்தெழுவதைக் கண்டார்கள். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஸ்பெயின் நாட்டில், 'இலவங்கப்பட்டை' போன்ற வாசனை மிக்க சொற்களை வாசித்தபோது முகர்ச்சிக்குரிய பகுதிகள் கிளர்வதும் பதிவாயிற்று.

என்னைப் பரவசப்படுத்துவது இதற்கு அடுத்த கட்டமே. "கைவிடாமல் கிளறவும்" என்ற வாக்கியத்தைக் கற்பனையில் நடத்திப் பார்க்கும் மூளை, கிளறுவதற்கான ஆணையை ஏறக்குறைய முழுமையாகவே தயாரித்துவிடுகிறது. ஆனாலும் கை மடியிலேயே கிடக்கிறதே, அது எப்படி? ஆண்டுதோறும் முதல் ஜல்லிக்கட்டு நடக்கும் நம் தச்சங்குறிச்சியின் வாடிவாசலை நினைத்துக்கொள்ளுங்கள். ஆணைகள் என்னும் காளைகள் உள்ளே திமிறி நிற்கின்றன. வெளியே தசைகள் என்னும் மாடுபிடி வீரர்கள் தொடை தட்டி நிற்கிறார்கள். திட்டிவாசற் கதவுமட்டும் திறப்பதில்லை. அந்தக் கதவுதான் மூளையின் தடுப்பாற்றல். தலையின்மேல் காந்தத் துடிப்புச் செலுத்திச் சோதித்தால், ஒரு செயலைக் கற்பனை செய்கிறவரின் கைத்தசை வழக்கத்தைவிட எளிதில் துடிக்கிறது. அதாவது கதவின் இடுக்கில் ஒரு கொம்பு தெரிகிறது! வர்ணனையாளர் அண்டாவும் கட்டிலும் பரிசென்று அறிவித்துக்கொண்டே இருக்க, கட்டில்மட்டும் யார் வீட்டுக்கும் போவதில்லை; ஊஞ்சலில் இருக்கும் அம்மையாரின் எச்சில்தான் ஊறுகிறது.

கற்பனைச் செயலுக்குக் கால அளவும் உண்டென்பது இன்னும் வியப்பு. 1989-இல் டெசெட்டி, ஜானெரோ முதலியோர், குறித்த தூரத்தை நடந்து கடக்க ஆகும் நேரமும் மனத்தால் நடந்து கடக்க ஆகும் நேரமும் ஏறத்தாழ ஒன்றே என்று காட்டினார்கள். மைசூர்பாகு கிளறும் பக்கத்தில் அம்மையார் நெடுநேரம் நின்றுவிட்டால், எழுத்துக் கூட்டிப் படிக்கிறார் என்று மருமகள் எண்ண வேண்டாம். அவருக்கு நெய் இன்னும் பிரிந்திராது.

சமையற் புத்தகங்களின் சரித்திரத்துக்கும் ஒரு பத்தி தந்தாக வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் வழங்கும் 'மானஸோல்லாஸம்' பாகங்களை விவரித்தது. தமிழ் வீடுகளில் 1951-இல் வெளிவந்த மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' நிலைபெற்றது. இது போதும்.

ஸ்கானர் படங்களைக் கண்டு மயங்குவோருக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. 2009-இல் கிரெய்க் பென்னட் குழுவினர், செத்துப்போன சால்மன் மீன் ஒன்றை அந்த யந்திரத்தில் கிடத்தி, மனிதர்களின் புகைப்படங்களை அதற்குக் காட்டி, உரிய புள்ளியியல் திருத்தம் செய்யாவிட்டால் அந்த மீனும் 'சிந்திப்பதாக'ப் படம் வருமென்று நிரூபித்தார்கள். குழம்பில் இருக்க வேண்டிய மீன் விஞ்ஞானத்துக்கு ஆற்றிய இந்தச் சேவை, பக்கம் பக்கமாக வரும் வண்ண மூளைப் படங்களைக் காட்டிலும் பெரிது.

அப்படியானால் புத்தகம் வாசித்தே சமையல் பழகலாமா? முடியாது என்றே தோன்றுகிறது. பாலே நடனக்காரர்களையும் பிரேசில் நாட்டுக் கபோய்ரா ஆட்டக்காரர்களையும் 2005-இல் ஒப்பிட்டபோது, தாங்கள் பயின்ற அசைவுகளைக் காணும்போதே அவர்களுடைய மூளையின் இயக்கப் பகுதிகள் அதிகமாகக் கிளர்ந்தன. பழகிய கைக்குத்தான் எழுத்து செயலாகிறது. நம் குடுமியான்மலையில் குகைக் கோயிலையொட்டிய பாறையில், நான்கு நான்கு ஸ்வரக் கோவைகளாக ஏழு பகுதிகளில் வெட்டப்பட்டிருக்கும் இசைக் கல்வெட்டும் இத்தகைய செய்முறை நூலே. ருத்ராசாரியரின் சீடனான அரசன் ஒருவன் மாணாக்கர் நலத்துக்காகச் செய்ததென்று அதுவே கூறுகிறது. வீணை பயின்ற விரல் அதனெதிரே சற்றுத் துடிக்கலாம். என்னைப் போன்றோர் சுற்றுலா வந்தவராகப் பார்த்துத் திரும்ப வேண்டியதுதான்.

ஆகவே வாசகருக்கு: தங்கள் தாயாரின் ரசனை நோயுமன்று, சோம்பலுமன்று, நீண்டகாலம் கரண்டி பிடித்த கையின் சம்பாத்தியம். அவர் படிக்கும் பக்கத்தில் உள்ள பதார்த்தத்தை அன்று மாலையே செய்து தரும்படி மட்டும் கேட்காதீர்கள்.