உண்மைக் கதைத் திரைப்படங்களும் சயாம் மரண ரயில்பாதையும்

'உண்மை நிகழ்வை அடிப்படையாகக் கொண்டது' என்னும் அறிவிப்போடு தொடங்கும் திரைப்படங்களுக்குத் தனிக் கவர்ச்சி உண்டு. சாவின் விளிம்பிலிருந்து மீண்ட ஒருவரின் மனவுறுதியைக் காணும்போது, இது மெய்யாகவே நடந்தது என்னும் எண்ணமே நம்மை ஈர்த்து நிறுத்துகின்றது. ஆயினும் அவ்வுண்மை எவருடைய பதிவிலிருந்து பெறப்பட்டது என்று நாம் பெரும்பாலும் வினவுவதில்லை. மலாயாத் தமிழர் வரலாற்றோடு நேரடித் தொடர்புடைய சயாம் - பர்மா ரயில்பாதை பற்றிய இரு ஆங்கிலப் படங்களைக் கொண்டு அவ்வினாவை இங்கு நோக்குவோம்.

ஜப்பானிய இராணுவம் 1942, 1943ஆம் ஆண்டுகளில் அமைத்த இப்பாதையின் நீளம் ஏறத்தாழ 415 கிலோமீட்டர். இதில் 60,000க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் உழைத்தனர். அவர்களுள் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். ஆசியத் தொழிலாளர் தொகை இதனினும் பன்மடங்கு பெரிது. மதிப்பீடுகள் வேறுபடினும், மாண்டோர் 90,000 அளவினர் என்பதே பரவலாகக் கூறப்படும் கணக்கு. மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோருள் பெரும்பாலார் தோட்டத் தமிழர். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி என்று ஆசை காட்டப்பட்டுச் சென்றவரும் உளர். வலுவில் பிடித்துச் செல்லப்பட்டவரும் உளர்.

டேவிட் லீன் இயக்கி 1957இல் வெளிவந்து ஏழு ஆஸ்கார் விருதுகளைப் பெற்ற 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' இவ்வரலாற்றை உலகறியச் செய்தது. உண்மையில் அது பியேர் பூல் எழுதிய புதினத்தின் திரைவடிவம். அதில் வரும் பிரிட்டிஷ் கர்னல் பகைவனுக்குப் பாலம் கட்டிக் கொடுப்பதில் பெருமிதம் கொள்கிறார். தாமர்க்கான் முகாமில் தலைமையேற்றிருந்த கர்னல் டூசியோ வேலையைத் தாமதப்படுத்தவே முயன்றவர். படம் எடுக்கப்பட்ட இடம் இலங்கையின் கித்துல்கல. மெய்க்லோங் ஆற்றின்மீதே உண்மைப் பாலம் நின்றது. படம் பார்த்து வந்த பயணிகளுக்காக 1960களில் ஆற்றின் அப்பகுதிக்கே 'குவாய்' என்று பெயர் மாற்றினர். கற்பனை நிலவரைபடத்தையே திருத்திய விந்தை இது! போருக்கு முன் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பணியாற்றியவர் பூல் என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது. தோட்டத் தமிழரை அருகிருந்து கண்டிருக்கக் கூடியவரின் கதையை ஒட்டிய படத்திலும் அவர்களுக்கு இடமில்லை.

2013இல் வெளிவந்த 'தி ரயில்வே மேன்' வரலாற்றுக்கு நெருக்கமானது. நம் மதிப்பீட்டில் சிறந்த படமும் அதுவே. சிங்கப்பூர் வீழ்ச்சியின்போது சிறைப்பட்ட எரிக் லோமாக்ஸ், இரகசிய வானொலி செய்ததற்காகவும் பாதையின் வரைபடம் தீட்டியதற்காகவும் 1943இல் காஞ்சனபுரியில் கொடிய வதைக்கு ஆளானார். வதையின்போது மொழிபெயர்ப்பாளராக இருந்த நகாசே தக்காஷியை 1993இல் அதே ஊரில் சந்தித்து மன்னித்தார். படத்தில் லோமாக்ஸ் பழிவாங்கும் எண்ணத்தோடு முன்னறிவிப்பின்றி நகாசேயின் எதிரே போய் நிற்கிறார். உண்மையில், நகாசேயின் நூலைப் படித்த லோமாக்ஸின் மனைவி முதலில் மடல் எழுதினார். மடல்கள் பரிமாறப்பட்ட பின்னரே சந்திப்பு நிகழ்ந்தது. அந்த மெல்லிய மாற்றத்தைத் திரை பொறுக்கவில்லை போலும்.

இத்தகைய திருத்தங்களைக் காட்டிலும் பெரியது, படத்திற்குள் வராதவர்களின் நிலை. லோமாக்ஸ் கல்வி கற்ற அதிகாரி. 1995இல் அவர் தம் வரலாற்றை நூலாக வெளியிட்டார். படம் அந்நூலிலிருந்து பிறந்தது. போர்க்கைதிகளிடம் இராணுவக் கட்டுப்பாடும் மருத்துவர்களும் இருந்தனர். இறந்தோர் பெயர்கள் மறைவாகக் குறித்துவைக்கப்பட்டன. ஆதலின் காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 பேர் அடக்கமாகியுள்ளனர். பெரும்பாலான கல்லறைகளில் பெயர் உண்டு. 1943 மழைக்காலத்தில் காலரா பரவியபோது, தமிழர் முகாம்களில் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் செய்யவோ நோயாளியைப் பிரித்து வைக்கவோ அமைப்பு எதுவும் இல்லை. இறந்தவர் பெயரை எழுத ஏடும் இல்லை. சாங்கியிலிருந்து அவ்வாண்டில் அனுப்பப்பட்ட போர்க்கைதி மருத்துவக் குழுக்கள் விட்டுச்சென்ற குறிப்புகள் இம்முகாம்களின் நிலையை ஓரளவு காட்டுகின்றன. அவையும் அயலார் கண்ட காட்சிகளே. பிழைத்துத் தோட்டம் திரும்பியவர் தம் கதையை லயத்து வாசலில் சொன்னார், எழுதவில்லை. எழுதப்படாத கதையைத் தயாரிப்பாளர் எங்ஙனம் விலைக்கு வாங்குவார்?

அவ்வாய்மொழிக்கு எழுத்துருவம் தந்தோர் மலேசியத் தமிழ் எழுத்தாளர்களே. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' (1993), அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' (2005) ஆகிய புதினங்கள் தோட்டத்திலிருந்து புறப்பட்டவனின் கண் வழியே அக்காட்டைக் காட்டுகின்றன. 'தி ரயில்வே மேன்' படத்தை வகுப்பில் காட்டும் ஆசிரியர், இப்புதினங்களுள் ஒன்றின் சில இயல்களையும் உடன் படிக்கச் செய்து, ஒரே முகாம்வாழ்வை இருவேறு பார்வையில் ஒப்பிட்டு எழுதுமாறு மாணவரைப் பணிக்கலாம். சயாமுக்குச் சென்ற முன்னோர் தம் குடும்பத்தில் எவரேனும் உண்டா என்று வீட்டில் கேட்டு வரச் சொல்வதும் அப்பாடத்தின் பகுதியாகலாம். போய்த் திரும்பியோரின் பிள்ளைகளே முதுமை எய்திவிட்டனராதலின், இப்பணிக்குக் காலம் மிகுதியாக இல்லை.