கறுத்துப்போன சக்கரம்: துடைப்பது அழகுக்கா, பாதுகாப்புக்கா?

சனி, ஞாயிறு மாலைகளில் சிராங்கூன் சாலைப் பக்கம் கார் ஓட்டுபவரின் கால் எந்நேரமும் பிரேக்கில்தான் இருக்கும். தேக்கா சந்தைக்கு வருபவர்கள், கோயிலுக்கு வருபவர்கள், சாலையைக் கடப்பவர்கள் என்று பத்தடிக்கு ஒரு முறை நிற்க வேண்டும். வீடு திரும்பி காரை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தால், வெள்ளியாக மின்ன வேண்டிய ரிம்மில் கரி பூசியது போல ஒரு படலம். தண்ணீர் ஊற்றினாலும் போவதில்லை, துணியால் துடைத்தாலும் போவதில்லை.

இதைப் பற்றிப் பேச்சு எழுந்தால் கார் வைத்திருப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். “ஓடுகிற சக்கரத்துக்கு ஒப்பனை எதற்கு? நேரமும் காசும் வீண்” என்பது ஒரு தரப்பு. “பல்லாயிரம் வெள்ளி கொடுத்து உரிமைச் சான்றிதழ் எடுத்து வாங்கிய கார், பார்க்க லட்சணமாக இருக்க வேண்டாமா?” என்பது மறுதரப்பு. இரண்டு தரப்புமே ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்தக் கறுப்புத் தூள் எங்கிருந்து வருகிறது, கழுவிய பிறகு எங்கே போகிறது என்பதே அது.

தூள் எங்கிருந்து வருகிறது?

பிரேக்கை அழுத்தும்போது சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்பு டிஸ்க்கை இரண்டு பேடுகள் இருபுறமும் இறுக்கிப் பிடிக்கின்றன. அந்த உராய்வில்தான் கார் நிற்கிறது. ஒவ்வொரு முறையும் டிஸ்க்கும் கொஞ்சம் தேய்கிறது, பேடும் கொஞ்சம் தேய்கிறது. இரும்புத் துகள், கரி, பேடைக் கட்டி வைக்கும் பிசின் மூன்றும் சேர்ந்ததுதான் பிரேக் தூள். நிற்கும்போது காரின் பாரம் முன்பக்கம் சாய்வதால் முன் பிரேக்குகளுக்கே வேலை அதிகம். முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடக் கறுப்பாக இருப்பது அதனால்தான்.

இது சாதாரண மண் தூசியாக இருந்தால் தண்ணீரிலேயே போய்விடும். பிரேக் தூள் சூடாக வந்து விழுகிறது. பிசின் அதை ரிம்மோடு ஒட்டுகிறது. சூடான இரும்புத் துகள் ரிம்மின் மேல்பூச்சில் பதிகிறது. சிங்கப்பூரின் ஈரக் காற்றும் அடிக்கடி பெய்யும் மழையும் சேர்ந்தால் அந்த இரும்பு துருப்பிடிக்கும். துருப்பிடித்தால் உப்பும், உப்பினால் இன்னும் ஆழமாக இறுகும். இரண்டு மாதம் விட்டுவைத்த தூள் பழுப்புப் புள்ளிகளாக மாறிவிடுவது இப்படித்தான். வாரம் ஒரு முறை கழுவுபவருக்கு வாளித் தண்ணீரும் கார் ஷாம்பும் போதும். விட்டுவைத்தவருக்குத்தான் மருந்து தேவைப்படுகிறது.

புளி போட்டால் போகுமா?

நம் வீடுகளில் பித்தளைக் குடத்தையும் குத்துவிளக்கையும் புளி போட்டுத் துலக்குவார்கள். புளியில் இருக்கும் அமிலம் களிம்பைக் கரைக்கும், குடம் பளபளக்கும். அதே யோசனையில் சிலர் ரிம்முக்கும் எலுமிச்சை, வினிகர் என்று தொடங்கி, கடைசியில் கழிவறை கழுவும் திரவத்தில் வந்து நிற்கிறார்கள். தவறு இங்கேதான் நேர்கிறது. குடம் வெறும் பித்தளை. ரிம்மோ அலுமினியக் கலவை, அதன்மேல் வண்ணம், அதற்கும்மேல் கண்ணாடி போன்ற மேல்பூச்சு. கடுமையான அமிலம் அந்தப் பூச்சை மங்கச் செய்து, சிறு கீறல் வழியாக உள்ளே புகுந்து அலுமினியத்தையே அரிக்கும். இரும்பு நாரும் உப்புத்தாளும் அதைவிட மோசம். அழுக்கோடு பூச்சும் போய்விடும், அடுத்த முறை தூள் இன்னும் எளிதாக ஒட்டும்.

கையைத் தின்னும் அமிலம்

சில சக்கரக் கழுவு திரவங்களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ, தண்ணீர் பட்டால் அதை உண்டாக்கும் அம்மோனியம் பைஃபுளோரைடோ இருப்பதுண்டு. தெளித்த நிமிடத்தில் சக்கரம் பளிச்சிடும். ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. நீர்த்த நிலையில் இந்த அமிலம் தோலில் பட்டால் உடனே எரியாது. மணிக்கணக்கில் எதுவும் தெரியாமல் போகலாம். அதற்குள் அது தோலுக்கு அடியில் இறங்கி, உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். வலி தொடங்கும்போது தசையும் எலும்பும்கூடப் பாதிக்கப்பட்டிருக்கலாம். அதிகம் பட்டால் இதயத் துடிப்பே தடுமாறும்.

பல வீடுகளில் காரைக் கழுவுபவர் காரின் உரிமையாளர் அல்லர். வீட்டுப் பணிப்பெண் கழுவுகிறார், அல்லது காசு கொடுத்து அமர்த்தியவர் கழுவுகிறார். போத்தலின் மேல் எழுதியிருப்பதை அவரால் படிக்க முடியாமல் போகலாம். ஆகவே வாங்குபவரே படித்துப் பார்க்க வேண்டும். ஃபுளோரைடு என்ற சொல் எந்த வடிவில் இருந்தாலும் அந்தப் போத்தல் வீட்டுக்கு வேண்டாம். தெரியாமல் கையில் பட்டுவிட்டால் நிறையத் தண்ணீரில் தொடர்ந்து கழுவுங்கள், நனைந்த உடையைக் களையுங்கள், வலிக்காவிட்டாலும் போத்தலை எடுத்துக்கொண்டு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். கால்சியம் குளுக்கோனேட் களிம்பே அங்கு தரப்படும் முதல் சிகிச்சை.

பாதுகாப்பான வழி

முதலில் சக்கரம் ஆற வேண்டும். சூடான ரிம்மில் மருந்து உடனே காய்ந்து கறையாகிவிடும். காரை நிழலில் நிறுத்துங்கள். உடம்புக்கு ஒரு வாளி, சக்கரத்துக்கு ஒரு வாளி என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் துடைத்த துணி கதவில் பட்டால் அதிலுள்ள இரும்புத் துகள் வண்ணத்தைக் கீறிவிடும்.

ஷாம்பு தண்ணீரும் மென்மையான தூரிகையும் கொண்டு மேல் அழுக்கைப் போக்குங்கள். பிறகும் புள்ளிகள் நின்றால் அமிலமில்லாத இரும்பு நீக்கித் திரவத்தைத் தெளிக்கலாம். இதில் இருப்பது தையோகிளைக்கோலேட் என்ற பொருள். முடிதிருத்தகங்களில் தலைமுடியைச் சுருளாக்கப் பயன்படும் மருந்தும் இந்தக் குடும்பம்தான். அந்தக் கந்தக வாடை அதனால்தான் வருகிறது. இரும்போடு சேர்ந்ததும் திரவம் ஊதா நிறமாகும். போத்தலில் குறித்த நேரம் மட்டும், பெரும்பாலும் சில நிமிடங்கள், ஊறவிட்டு, காய்வதற்குள் நன்றாக அலசிவிட வேண்டும். நான்கு சக்கரத்துக்கும் ஒரேயடியாகத் தெளிக்காமல் ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். கையுறை இதற்கும் தேவை. காய்ந்த பிறகு ரிம்முக்கு மெழுகு பூசினால் அடுத்த முறை தூள் அவ்வளவு ஒட்டாது.

உலர்ந்த தூளைக் காற்றடித்து ஊதித் தள்ளுவது கூடவே கூடாது. முன்பு பிரேக் பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. சிங்கப்பூரில் 1995 ஜனவரி 1-க்குப் பிறகு பதிவான வாகனங்களில் அதற்கு இடமில்லை. ஆனாலும் நுண்ணிய உலோகத் தூள் நுரையீரலுக்கு நல்லதல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் ஏற்ற யூரோ 7 விதிமுறை, புகைக் குழாயோடு நிற்காமல் பிரேக் தூளுக்கும் முதன்முறையாக உச்சவரம்பு வைத்திருக்கிறது. பெரும்பாலான கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், மின்சாரக் கார்களுக்கு 3 மில்லிகிராம்.

கழுவி முடித்ததும் ஈரத்தோடு காரை நிறுத்திவிடாதீர்கள். மெதுவாகச் சிறிது தூரம் ஓட்டி இரண்டு மூன்று முறை பிரேக்கை அழுத்தினால் டிஸ்க் உலர்ந்துவிடும்.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?

சிங்கப்பூரில் கழிவுநீருக்கு ஒரு வழி, மழைநீருக்கு வேறு வழி. சாலையோர வடிகால் மழைநீருக்கானது. லிட்டில் இந்தியாவை ஒட்டி ஓடும் ரோச்சோர் கால்வாய், காலாங் படுகை வழியாக மரினா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. 2008-ல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்ட பிறகு கடல்நீர் தடுக்கப்பட்டு, அது குடிநீர்த் தேக்கமாக மாறியது. அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி 10,000 ஹெக்டர், தீவின் ஆறில் ஒரு பங்கு. வடிகாலில் ஊற்றும் ஊதா நிறத் தண்ணீர் நம் வீட்டுக் குழாய்க்கு வரும் பாதையில்தான் போகிறது. சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறதே என்று அலட்சியம் வேண்டாம். மருந்து போட்டுக் கழுவுவதென்றால் கழிவுநீர்க் குழாயோடு இணைந்த கழுவும் இடத்துக்கோ பெட்ரோல் நிலையக் கழுவு நிலையத்துக்கோ செல்வதே முறை.

தூள் சொல்லும் சேதி

அழகைப் பற்றிக் கவலைப்படாதவரும் சக்கரத்தைப் பார்க்க ஒரு காரணம் உண்டு. இரண்டு முன் சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே அளவு கறுக்க வேண்டும். ஒன்று மட்டும் மிக அதிகமாகக் கறுத்தால், அந்தப் பக்கத்து பிரேக் விடுபடாமல் பிடித்துக்கொண்டே இருக்கலாம். ஒன்று மட்டும் சுத்தமாகவே இருந்தால், அந்தப் பக்கம் வேலை செய்யாமல் இருக்கலாம். தூளோடு எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் பிரேக் திரவம் கசிகிறதா என்று உடனே பட்டறையில் காட்ட வேண்டும். மூன்று முதல் பத்து வயது வரையுள்ள காருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் கட்டாயப் பரிசோதனை. இடைப்பட்ட காலத்தில் பார்க்க வேண்டிய கண் ஓட்டுநருடையதுதான்.

ஆக, இரு தரப்பிலும் பாதி நியாயம் உண்டு. சக்கரம் கண்ணாடியாக மின்ன வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் வாரம் ஒரு முறை ஒரு வாளித் தண்ணீரோடு நான்கு சக்கரத்தின் முன்னும் குனிந்து உட்காருபவர், காருக்கு லட்சணத்தையும் தமக்குப் பாதுகாப்பையும் சேர்த்தே பெறுகிறார். கடுமையான போத்தலைத் தேடும் அவசியமும் அவருக்கு வராது.