பேயின் பெயரால் மறைக்கப்படும் மனம்: ஊவா வாசகருக்கு நான்கு திரைப்படங்கள்

அச்சத்தை வெளியே உள்ள எதிரியிடம் தேடாமல் கதைமாந்தரின் மனத்துக்குள்ளேயே தேடும் படங்களை உளவியல் திகில் படங்கள் என்பர். தான் யார் என்ற தெளிவு குலைவதும், ஒரே எண்ணம் பற்றிக்கொண்டு விடாமல் வாட்டுவதும், நிஜமும் கற்பனையும் பிரித்தறிய முடியாமல் கலந்துபோவதும் அவற்றின் கருப்பொருள்கள். பதுளை, பசறை, லுணுகலை, ஹப்புத்தளைத் தோட்டங்களில் ஒருவர் திடீரென வேறு குரலில் பேசத் தொடங்கினால் பல குடும்பங்கள் முதலில் அழைப்பது கோடாங்கியைத்தான் என்பதாலும், நூல் கட்டி மந்திரித்து ஓய்ந்த பிறகே ஆஸ்பத்திரி நினைவுக்கு வருகிறது என்பதாலும், இத்தகைய படங்கள் இங்குள்ளோருக்கு வெறும் பொழுதுபோக்காக இருக்க முடியாது.

பாசில் இயக்கிய ‘மணிச்சித்ரத்தாழு’ (1993) என்ற மலையாளப் படத்தையும், அதன் கதையைத் தழுவி பி. வாசு இயக்கிய ‘சந்திரமுகி’யையும் (2005) இந்நோக்கில் மீண்டும் பார்க்கலாம். கடும் மன அதிர்ச்சிகளால் ஒருவரின் நினைவும் தன்னுணர்வும் பிரிந்து வெவ்வேறு ஆளுமைகளாக இயங்கும் நிலையை மருத்துவம் பல்லாளுமைக் கோளாறு என்று குறித்து வந்திருக்கிறது. மலையாளப் படத்தில் ஷோபனா ஏற்ற கங்கா, தன்னை நாகவல்லி என்ற தஞ்சை நடனப் பெண்ணாகவே உணர்ந்து தமிழில் பேசத் தொடங்குகிறாள். மனநல மருத்துவர் மாந்திரீகச் சடங்கை ஏளனம் செய்யாமல் அதையே சிகிச்சைக்குப் பயன்படுத்துவது, நோயாளியின் நம்பிக்கையை மதிக்கும் அரிய காட்சி. நிஜ வாழ்வில் குணமடைவது அத்தனை விரைவில் நிகழ்வதில்லை என்பதையும் பார்வையாளர் நினைவில் கொள்ள வேண்டும்.

மட்டக்களப்பைப் பிறப்பிடமாகக் கொண்ட பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’ (1980), சிறுவயதுக் காயங்கள் பிரதாப் போத்தன் ஏற்ற இளைஞனைக் கொலைகாரனாக்குவதை ஊட்டியின் குளிரோடு சேர்த்துக் காட்டுகிறது. அடர்ந்த பனியில் எதிரே இருப்பது தெரியாமல் நடந்து பழகிய மலையகத்தாருக்கு அந்த ஒளிப்பதிவைத் தனியே விளக்கத் தேவையில்லை.

இந்நான்கிலும் முதலிடம் பெறத் தக்கது லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் சிங்களப் படமான ‘நிதானய’ (1972), அதாவது புதையல். செல்வம் சரிந்த பிரபுக் குடும்பத்து வில்லி என்பவன், கழுத்தில் நான்கு மச்சங்கள் உள்ள பெண்ணைப் பலியிட்டால் புதையல் கிட்டும் என்று நம்புகிறான். அந்த அடையாளங்களை ஐரீனிடம் கண்டதும் அவளையே மணந்துகொள்கிறான். அதன்பின் அவளது அன்புக்கும் தன் வெறிக்கும் இடையில் அவன் தவிப்பதை காமினி பொன்சேகா உரத்த குரலோ பெரிய சைகைகளோ இன்றிப் பெரும்பாலும் பார்வையாலேயே உணர்த்துகிறார். ஐரீனாக நடித்த மாலினி பொன்சேகாவை ‘பைலட் பிரேம்நாத்’ (1978) வழியாகத் தமிழ் ரசிகர்களும் அறிவர். கதை வில்லியின் பார்வையிலேயே விரிவதால், கண்ணியமாகத் தோன்றும் ஒருவன் கொடுமையைத் தனக்குத்தானே படிப்படியாக நியாயப்படுத்திக்கொள்வதைப் பார்வையாளர் அவனுடைய உள்ளத்துக்குள் இருந்தே காண நேர்கிறது. பேராசை நம்பிக்கையின் உடையணிந்து வரும்போது எத்தனை சாதாரணமாகத் தோன்றும் என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொன்ன இலங்கைப் படம் வேறில்லை.

மனநோயாளி என்றாலே கொலையாளி என்ற எண்ணத்தை இவ்வகைப் படங்களில் பல வளர்த்துவிட்டன. ‘மூடுபனி’யும் அந்தக் குறையிலிருந்து முழுமையாகத் தப்பவில்லை. மன நோயோடு வாழ்வோரில் மிகப் பெரும்பாலோர் எவருக்கும் தீங்கு செய்வதில்லை. ஆகவே படத்தைப் பார்த்து முடித்தபின், உங்கள் லயத்திலோ வீட்டிலோ உறக்கமிழந்து, பேச்சு மாறி, தனித்துப்போன ஒருவர் இருந்தால், அவரைப் பழிக்காமல் அருகிலுள்ள அரச ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம்.