கேஸ் நம்பரைக் கேட்டு வாங்குங்கள்!



2013 ஜூனில் அலுவலக நண்பர் ஒருவருக்கு ரூ.1,50,000 கடன் கொடுத்தேன். மகளின் கல்லூரிப் படிப்புக்காகச் சேர்த்த பணம். புரோநோட்டு கையில் இருக்கிறது என்ற தைரியம். இரண்டு வருடம் கேட்டும் பணம் வரவில்லை. 2015-இல் ஒரு வக்கீலைப் பார்த்தேன். தில்லிக்கு வந்து இருபது வருடமாகியும் நான் கோர்ட் வாசலை மிதித்ததில்லை. அவர் தமிழில் பேசினார். அது போதும் என்று நினைத்துவிட்டேன்.

பீஸும் கொடுத்தேன், புரோநோட்டையும் கொடுத்தேன். அதன் பிறகு எப்போது போன் செய்தாலும் ஒரே பதில்தான்: "கேஸ் போட்டாச்சு சார், தேதி வந்ததும் சொல்றேன்."

2017 நவம்பரில் என் மனைவிதான், "நேர்ல போய் ஒரு தடவை விசாரிச்சுட்டு வாங்களேன்" என்றாள். லீவு போட்டுவிட்டுத் தீஸ் ஹசாரி போனேன். என் பெயரில் வழக்கே தாக்கலாகவில்லை!

இப்படிப்பட்ட புரோநோட்டுக்கு எழுதிய நாளிலிருந்து மூன்று வருடம்தான் கெடு. என் கெடு 2016 ஜூனிலேயே முடிந்திருந்தது. தாமதத்தை மன்னிக்க இடம் தரும் காலவரையறைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு மேல்முறையீடுகளுக்கும் மனுக்களுக்கும்தான். அசல் வழக்குக்கு அது உதவாது. வக்கீல் செய்த தவறுக்குக் கட்சிக்காரர் பாதிக்கப்படக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1981-இல் சொன்னதும், வக்கீல் ஆஜராகாமல் தள்ளுபடியான ஒரு மேல்முறையீட்டில்தான்.

சரி, வக்கீல் மீதே நடவடிக்கை எடுக்கலாமா? பார் கவுன்சிலில் புகார் செய்யலாம். அவர்கள் கண்டிக்கலாம், தொழில் செய்யத் தடை போடலாம், பெயரையே நீக்கலாம். ஆனால் நஷ்டஈடு கிடைக்காது. வக்கீல் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 2007-இல் தேசிய ஆணையம் சொல்லியிருந்ததை நம்பி, 2018 மார்ச்சில் நுகர்வோர் மன்றத்துக்குப் போனேன். அங்கே இரண்டு வருடம் கெடு. நான் நான்கு மாதத்திலேயே போய்விட்டேன். ஆனால் அந்தத் தீர்ப்பின் மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தது. என் புகார் தள்ளிக்கொண்டே போயிற்று.

2024 மே 14 அன்று தீர்ப்பு வந்தது. வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அலட்சியத்துக்குச் சாதாரண கோர்ட்டில் வழக்குப் போடலாம் என்றது. என் புகார் தள்ளுபடியாயிற்று.

சிவில் கோர்ட்டில் கெடு மூன்று வருடம். எனக்கோ ஆறு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. அதிகாரமில்லாத மன்றத்தில் நல்லெண்ணத்தோடும் அக்கறையோடும் செலவழித்த காலத்தைக் கழிக்கச் சொல்லும் 14-ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டு 2024 ஆகஸ்டில் வழக்குப் போட்டேன். மோசடியால் மறைக்கப்பட்டிருந்தால் தெரியவந்த நாளிலிருந்து கெடுவைக் கணக்கிடச் சொல்லும் 17-ஆம் பிரிவையும் சேர்த்திருக்கிறேன்.

எதிர்த்தரப்பு கேட்கும் கேள்விதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது: "2016-லேயே விசாரித்திருந்தால் தெரிந்திருக்குமே, ஏன் விசாரிக்கவில்லை?" முயன்றால் அறிந்திருக்கக் கூடிய நாளிலிருந்தே கெடு ஓடும் என்பதும் அதே 17-ஆம் பிரிவுதான். போதாக்குறைக்கு, அன்று கடன் வழக்குப் போட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன் என்பதையும் நிரூபிக்க வேண்டும். அசல் புரோநோட்டோ வக்கீலிடம். என்னிடம் இருப்பது ஒரு ஜெராக்ஸ் பிரதி!

வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. மகள் படிப்பை முடித்து வேலைக்கும் போய்விட்டாள், பி.எஃப். பணத்தில் கடன் எடுத்துச் சமாளித்தோம்.

அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். வக்கீலிடம் போகும் முதல் நாளே, "கடைசித் தேதி எது?" என்று கேட்டு உங்கள் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். அசல் பத்திரம் கொடுத்தால் கையெழுத்தோடு ரசீது வாங்குங்கள். வழக்குப் போட்டதாகச் சொன்னால், கேஸ் நம்பரையும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணையும் கேளுங்கள். இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வீட்டிலிருந்தே சரிபார்க்கலாம்.

கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். நான் தயங்கினேன். நம் மொழி பேசுகிறவர் என்பதால் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே தயங்கினேன்.