பச்சை எண் பலகை

பாபநாசம் கடைத்தெரு. நெல் மூட்டை ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் சத்தமே இல்லாமல் ஒரு கார் வருகிறது. எண் பலகையைப் பாருங்கள். பச்சை நிறத்தில் வெள்ளை எழுத்தா? சொந்த உபயோகத்துக்கான மின்சாரக் கார். எழுத்து மஞ்சள் என்றால் வாடகை வண்டி. 2018 முதல் நம் நாட்டில் இதுதான் அடையாளம்.

2001இல் பெங்களூரில் பிறந்த ரேவா, கைக்கு அடக்கமான குட்டி மின்சாரக் கார். இன்றோ, மஹிந்திரா குழுமம் ஜெர்மனியில் தொடங்கிய நிறுவனத்தின் பாட்டிஸ்டா என்ற மின்சாரக் கார் 2 நொடிக்குள் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டுகிறது! உலகத்துக்கே 150 கார்கள்தான் என்று அறிவித்தார்கள். கண்ணில் பட்டால் அது அதிர்ஷ்டம்தான்.

எந்த மின்சார வண்டியானாலும் மெதுவாக வரும்போது சத்தம் குறைவு. சாலையைக் கடக்கையில் காதை மட்டும் நம்பாமல், இருபுறமும் பார்த்துக் கடந்து செல்லுங்கள்.