பால் போதவில்லையா? முதலில் பிடிமுறையைப் பாருங்கள்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பாலுச்செட்டிசத்திரத்தை அடுத்துள்ள திருப்புட்குழி, பிள்ளைப்பேற்றுக்காக வேண்டிக்கொள்வோர் நாடிவரும் ஊர். மரகதவல்லித் தாயாரை வேண்டி, வறுத்த பயறு முளைத்தால் மகப்பேறு கிட்டும் என்பது இங்குள்ள நம்பிக்கை. அத்தனை ஏக்கத்துடன் எதிர்நோக்கிய குழந்தை பிறந்த ஓரிரு நாளிலேயே பல வீடுகளில் ஒரு கவலை தொடங்கிவிடுகிறது: "தாய்க்குப் பால் போதவில்லை." அதைத் தொடர்ந்து சர்க்கரைத் தண்ணீரும் பால்புட்டியும் வந்துவிடுகின்றன.

பெரும்பாலான தாய்மார்களுக்குச் சுரப்பில் குறை இருப்பதில்லை. குழந்தை மார்பைப் பற்றும் முறையில்தான் குறை இருக்கிறது. காம்பை மட்டும் சப்பும் குழந்தைக்குப் பால் சரிவரக் கிடைக்காது. தாயின் காம்பும் புண்ணாகும். மார்பில் தேங்கும் பால் அடுத்த சுரப்பைக் குறைத்துவிடும். ஆகவே, புட்டியைத் தேடுமுன் பிடிமுறையைத் திருத்த வேண்டும்.

முதல் ஒரு மணி நேரம்

பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் தொடங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. முதல் சில நாள்கள் சுரக்கும் சீம்பால் மஞ்சளாகவும் அளவில் சிறிதாகவும் இருக்கும். குழந்தையின் சிறு வயிற்றுக்கு அதுவே போதும். நோயெதிர்ப்பு ஆற்றலும் அதில் மிகுதி. அதைப் பீய்ச்சி எறிதல் கூடாது. சேனை வைத்தல், தேன் தடவுதல், சர்க்கரைத் தண்ணீர் புகட்டுதல் ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும். அவை கிருமித் தொற்றுக்கு வழிவகுப்பதோடு, குழந்தையின் பசியையும் மந்தமாக்கும்.

சரியான பிடிமுறை

குழந்தையின் தலையும் உடலும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கட்டும். அதன் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும். கழுத்தை மட்டுமன்றி முழு உடலையும் தாங்கிப் பிடியுங்கள். குழந்தையை மார்புக்குக் கொண்டுவர வேண்டுமே தவிர, தாய் குனிந்து மார்பைக் குழந்தையின் வாய்க்குக் கொண்டுசெல்லலாகாது. முதுகுவலி பலருக்குத் தொடங்குவது அங்கேதான்.

காம்பால் குழந்தையின் மேலுதட்டை மெல்லத் தொட்டால், அது கொட்டாவி விடுவதுபோல் வாயை அகலத் திறக்கும். அந்த நொடியில் அணைத்துக்கொள்ளுங்கள். மோவாய் மார்பைத் தொட வேண்டும். கீழுதடு வெளிப்புறம் மடிந்திருக்க வேண்டும். காம்பைச் சுற்றியுள்ள கரும்பகுதியின் பெரும்பங்கு வாய்க்குள் செல்ல வேண்டும். வலி நீடித்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம். சுண்டுவிரலைக் குழந்தையின் கடைவாயோரம் நுழைத்து விடுவித்து, மீண்டும் முயலுங்கள்.

நான்கு நிலைகள்

மடியில் அணைத்தல்: சுவரில் முதுகைச் சாய்த்துக் கால் நீட்டியோ சம்மணமிட்டோ அமரலாம். மடியில் தலையணையோ மடித்த போர்வையோ வைத்தால் கை நோகாது.

எதிர்க்கையால் தாங்குதல்: இடப்பக்கம் கொடுக்கும்போது வலக்கையால் குழந்தையின் முதுகையும் பிடரியையும் தாங்குங்கள். முதல் வாரத்திற்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் இது ஏற்றது.

அக்குளோடு அணைத்தல்: குழந்தையின் உடல் தாயின் அக்குளுக்குக் கீழே, கால்கள் பின்னோக்கி இருக்கும். வயிற்றுத் தையலில் பாரம் படாது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பிரசவங்கள் சிசேரியன் என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. அத்தாய்மார்களுக்கும் இரட்டைக் குழந்தை பெற்றவர்களுக்கும் இந்நிலை பெரிதும் உதவும்.

ஒருக்களித்துப் படுத்தல்: தாயும் சேயும் ஒருவரையொருவர் நோக்கிப் படுத்துக் கொடுப்பது. இரவுக்கும் தையல் வலிக்கும் ஏற்றது. சேலைத் தலைப்போ போர்வையோ குழந்தையின் மூக்கை மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குடித்து முடித்ததும் குழந்தையைத் தனிப்படுக்கையில் மல்லாந்து கிடத்துங்கள்.

நாளும் இரவும்

பச்சிளங்குழந்தைக்கு 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் தேவை. கடிகாரத்தை விடக் குழந்தையின் குறிப்பே முதன்மையானது. தலையைத் திருப்பித் தேடுதல், கையைச் சூப்புதல், உதடு சப்புதல் ஆகியவை பசியின் தொடக்கம். அழுகை அதன் கடைசிக் குறி. மூன்று மணி நேரத்திற்கு மேல் உறங்கினால், தொடக்க வாரங்களில் எழுப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் நன்கு குடித்த பின்னரே மறுபக்கம் மாற்றுங்கள். பின்பு தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்யுங்கள். பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் இரவில் மிகுதியாக இருப்பதால், இரவுப் பாலைத் தவிர்க்க வேண்டாம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும். கோடையிலும் தண்ணீர் தேவையில்லை.

குடும்பத்தாரின் பங்கு

பத்தியம் என்னும் பெயரில் தாயின் தண்ணீரையும் உணவையும் குறைக்காதீர்கள். பாலூட்ட அமரும்போது அருகில் ஒரு குவளைத் தண்ணீர் வையுங்கள். ஏப்பம் விடச் செய்வது, துணி மாற்றுவது, தாயை உறங்கவிடுவது ஆகியவற்றில் தந்தையும் பாட்டியும் பங்குகொள்ளலாம். "பால் இல்லை" என்று அவள் காதுபடச் சொல்லாதீர்கள்; மனக்கலக்கம் பால் இறங்குவதைத் தடுக்கும்.

போதுமான பால் கிடைக்கிறதா?

ஐந்தாம் நாளுக்குப் பின் நாளொன்றுக்கு ஆறு முறையேனும் வெளிர்நிறச் சிறுநீர் கழித்தால் பால் போதுகிறது என்று கொள்ளலாம். முதல் நாள்களில் எடை சிறிது குறைவது இயல்பு. இரண்டு வாரத்திற்குள் பிறந்த எடையை மீண்டும் எட்ட வேண்டும்.

குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பினாலும் சோர்ந்து கிடந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மஞ்சள் நிறம் கூடினாலோ உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். தாயின் மார்பு சிவந்து வலித்துக் காய்ச்சல் கண்டாலும் தாமதிக்க வேண்டாம். அப்போதும் பாலூட்டுவதை நிறுத்தத் தேவையில்லை. பால் தேங்கினால் நோய் கடுமையாகும்.

வீடு திரும்பும் முன், ஒரு முறையேனும் செவிலியர் முன்னிலையில் பாலூட்டிக் காட்டுங்கள். ஊர் சென்ற பின் ஐயம் எழுந்தால் கிராம சுகாதாரச் செவிலியரை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிடியில் செய்யும் ஒரு சிறு திருத்தமே பல நேரங்களில் போதுமானதாக இருக்கும்.