அலையை ஆற்றும் காடு

பாலை ஆற்றுகிறோம், கோபத்தை ஆற்றுகிறோம். அலையை ஆற்றுவது அலையாத்தி, கடலோரச் சேற்றில் வளரும் சதுப்புநிலக் காடு. இந்தப் பெயரில் பாதி அறிவியல் இருக்கிறது.

பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் படகை ஓரங்கட்டி, சுரபுன்னை மரத்தின் வேர்களைக் கிட்டத்தில் பாருங்கள். தண்டிலிருந்து வளைந்து இறங்கி, கொக்குக்கால்கள் போலச் சேற்றில் ஊன்றி நிற்கும். அலை இவற்றில் மோதும்போது நீர் நூறு சிறு சுழல்களாகச் சிதறுகிறது. உராய்விலேயே அதன் ஆற்றல் கரைகிறது. 100 மீட்டர் அகலக் காடு அலையின் உயரத்தை 13 முதல் 66 விழுக்காடு வரை குறைக்கும் என்கின்றன ஆய்வுகள். வேகம் தணிந்த நீர் வண்டலை அங்கேயே விட்டுச்செல்வதால் கரையும் மெல்ல உயர்கிறது.

புயல் வெள்ளத்தின் கதை வேறு. அது மணிக்கணக்கில் ஏறும் நீர். ஒரு கிலோமீட்டர் காட்டுக்கு 5 முதல் 50 சென்டிமீட்டர்தான் மட்டம் குறையும். ஒரு வரிசை மரம் நட்டுப் படம் பிடித்துக்கொள்வது போதாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

நடுவது மட்டும் போதுமா? பிச்சாவரத்தில் முன்பு மரங்களை மொத்தமாக வெட்டிய இடங்களில் மண் காய்ந்து அமுங்கிப் பள்ளமானது. அதில் தேங்கிய கடல்நீர் வெயிலில் வற்ற, உப்பேறிக் கன்றுகள் கருகின. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மக்களோடு சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டின. ஏற்ற வற்றத்தில் நீர் வந்துபோனது, உப்பு கழுவப்பட்டது. அதன் பிறகே நட்ட கன்றுகள் பிழைத்தன.